மந்திரித்த கம்ப்யூட்டர்

இந்தத் தொடரில் இதுவரை நான் ஒப்புக்கொண்ட முட்டாள்தனங்களுக்கெல்லாம் கைவசம் ஒரு சாக்கு இருந்தது: அப்போது சின்ன வயசு. இந்த வாரத்துக்கு அது கிடையாது. இது நடந்தபோது எனக்கு அறுபத்து மூன்று முடிந்திருந்தது. கண்ணாடி போட்டிருந்தேன். இரண்டு இட்லி சாப்பிட்டிருந்தேன். யாரும் என்னை மிரட்டவில்லை.

முழுச் சுயநினைவோடு, ஓடிக்கொண்டிருக்கிற ஒரு கம்ப்யூட்டரின் மேல் தண்ணீர் தெளிக்க ஏற்பாடு செய்தேன்.

தெளித்தவர் எங்கள் பங்குக் கோயிலின் உதவிச் சாமியார். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. அவர் பாட்டுக்கு மேலாக இரண்டு சொட்டுத் தெளித்துவிட்டுச் செபப் புத்தகத்தை மூடப் போனார். "இந்தப் பக்கமும் கொஞ்சம், ஃபாதர்" என்று விசிறி இருக்கிற பக்கத்தைத் திருப்பிக் காட்டியது நான்.

"டிக்" என்று ஒரு சத்தம். கேஸ் அடுப்பு லைட்டரை அமுக்கினால் வருமே, அது. திரை கறுத்தது.

"கரண்ட் போயிடுச்சா அங்கிள்?" என்றார் ஃபாதர்.

எங்கள் மூன்று பேர் தலைக்கும் மேலே மின்விசிறி நிதானமாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

மூன்றாவது ஆள் என் மனைவி ஜெசிந்தா. வீட்டில் ஜெசி. அவள் என்னைப் பார்க்கவில்லை, கம்ப்யூட்டரைப் பார்க்கவில்லை, சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். மணி ஏழே முக்கால். பதினோரு மணிக்கு அந்தக் கம்ப்யூட்டரில் அவளுக்கு ஒரு வகுப்பு.

பீரோ கண்ணாடி

ஜெசி முப்பத்தொரு வருடம் மயிலாப்பூரில் ஒரு கான்வென்ட்டில் கணக்கு டீச்சராக இருந்தவள். ஓய்வு பெற்ற அன்று ஒரு சால்வை, ஒரு கடிகாரம், ஒரு குரூப் போட்டோ. முதல் சில மாதம் லஸ் முனையில் காய்கறி வாங்கப் போனால் யாராவது ஒரு பெண் ஸ்கூட்டரை ஓரங்கட்டி "மிஸ்!" என்று கூப்பிடுவாள். அன்றைக்கு எங்கள் வீட்டுச் சாம்பாரில் உப்பு சரியாக இருக்கும்.

பிறகு அந்தக் குரல்கள் குறைந்தன. அவளும் பேச்சைக் குறைத்துக்கொண்டாள்.

ஒரு மத்தியானம் நான் தண்ணீர் குடிக்க எழுந்து போகும்போது படுக்கையறைக் கதவு ஒருக்களித்திருந்தது. ஜெசி பீரோ கண்ணாடி முன்னால் நின்று, கையில் சாக்பீஸ் பிடிக்கிற மாதிரி இரண்டு விரலைச் சேர்த்து வைத்துக்கொண்டு, கண்ணாடிக்குப் பின்னம் நடத்திக்கொண்டிருந்தாள். "புரிஞ்சுதா?" என்று கேட்டாள். கண்ணாடி ஒன்றும் சொல்லவில்லை. அவள் முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

என்னிடம் எப்போதும் ஒரு ஜோக் தயாராக இருக்கும். அன்றும் இருந்தது. சொல்லாமல், தண்ணீர் குடிக்காமல், திரும்பி வந்துவிட்டேன்.

அதற்குக் கொஞ்ச நாள் கழித்துத்தான் அந்த ஆன்லைன் டியூஷன் நிறுவனம் அவளைக் கூப்பிட்டது. துபாயிலும் சிங்கப்பூரிலும் இருக்கிற தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கணக்கு. முதலில் ஒரு டெமோ வகுப்பு. சனிக்கிழமை, பதினோரு மணி. ஒரே ஒரு வாய்ப்புதான், பிடித்திருந்தால் சேர்த்துக்கொள்வார்கள். கைபேசியில் எடுக்கக் கூடாது, கம்ப்யூட்டர் வேண்டும், திரையில் எழுதிக் காட்ட வேண்டும். இதையெல்லாம் சொன்னபோது ஜெசியின் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. ஆனால் அதே சனிக்கிழமை திருச்சியில் அவள் பெரியப்பா பேத்திக்குக் கல்யாணம். சொந்தக்காரர் கல்யாணம் எதையும் விடாதவள் "நான் வரலை" என்று போன் செய்து சொல்லிவிட்டாள்.

வீட்டில் இருந்தது எங்கள் மகள் கல்லூரியில் படித்த காலத்து லேப்டாப். அதன் திரை நிற்பதற்குப் பின்னால் அகராதியை முட்டுக் கொடுக்க வேண்டும். அந்த வாரம் திங்கட்கிழமை அகராதி நின்றது, லேப்டாப் போய்விட்டது.

"கடையில ரெடியா இருக்கறது ஒண்ணு வாங்கிட்டு வந்துடுங்க" என்றாள் ஜெசி.

"நானே கட்டறேன்."

"எதை?"

"கம்ப்யூட்டரை."

"என்னங்க, சனிக்கிழமை கிளாஸ்."

"இன்னைக்குத் திங்கள்தானே?"

சகலை

எதற்காக அப்படிச் சொன்னேன் என்று கேட்டால், காரணம் கொட்டிவாக்கத்தில் இருக்கிறது. அதன் பெயர் அமலன். ஜெசியின் தங்கை வீட்டுக்காரர். என் சகலை.

சகலை என்பது ஒரு வினோதமான உறவு. நாமாகத் தேர்ந்தெடுத்த ஆள் இல்லை. நம்மோடு பிறந்தவரும் இல்லை. ஒரே மாமனார் வீட்டில் இரண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. வாழ்நாள் முழுக்க அந்த இரண்டு நாற்காலிகளையும் யாராவது ஒப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் போயிருந்தபோது அமலன் மேஜை மேல் ஒரு சின்னக் கண்ணாடிப் பெட்டி இருந்தது. ரொட்டி டப்பா அளவு. உள்ளே நீல விளக்கு, ஒரு குட்டி விசிறி. "கம்ப்யூட்டர், சகலை. பெட்டிகூடத் தட்டுத் தட்டாத்தான் வரும். நாமளே மாட்டிக்கணும். ஒரு சாயங்காலம்தான் ஆச்சு" என்றார்.

ஜெசி அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "பரவாயில்லையே!" என்றாள்.

எங்களுக்குக் கல்யாணமாகி முப்பத்தாறு வருடம். என்னைப் பார்த்து அந்த வார்த்தையை அவள் இரண்டு தடவை சொல்லியிருக்கிறாள். ஒன்று, தொலைந்துபோன கேஸ் புத்தகத்தை நான் கண்டெடுத்தபோது. (தொலைத்ததும் நான்தான் என்பது அப்போது அவளுக்குத் தெரியாது.) இன்னொன்று, டாக்டரிடம் போய்விட்டு வந்து எனக்கு ஒன்றுமில்லை என்று சொன்னபோது.

அமலனுக்கு ஒரு சாயங்காலம் ஆகியிருக்கிறது. எனக்கு ஐந்து நாள் இருந்தது. கணக்கு சரியாகத்தான் வந்தது.

ரிச்சி தெரு

செவ்வாய்க்கிழமை ரிச்சி தெருவுக்குப் போனேன். அந்தத் தெருவில் எலக்ட்ரானிக் சாமான் இல்லாத இடம் என்றால் நாம் கால் வைக்கிற இடம் மட்டும்தான். கொஞ்சம் அசந்தால் அங்கேயும் ஒரு கேபிள் சுருளை வைத்துவிடுவார்கள். ஒரு கடையில் சீட்டை நீட்டினேன். மதர்போர்டு, புராசஸர், ராம் என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்த கடைக்காரர், கடைசி வரியில் இருந்த பெட்டிக்கு வந்ததும் நின்றார்.

"சார், கேஸு ரெடியாவே கீது. அத்த எட்த்துக்க. இது பிரிச்ச கேஸு. நீயே பூட்டணும்."

"தெரியும். நானே பூட்டுவேன்."

"இன்னா சார், வூட்ல யார்னா கம்ப்யூட்டர் படிச்சவங்க கீறாங்களா?"

"நான்தான் இருக்கேன்."

"எங்க வேல?"

"இன்ஷூரன்ஸ். ரிட்டயர்டு."

அவர் என்னை ஒருமுறை மேலிருந்து கீழே பார்த்தார். பிறகு எல்லாவற்றையும் பையில் போட்டு, பில்லை மட்டும் தனியாக மடித்து என் சட்டைப் பையில் அவரே வைத்து, தட்டிக் கொடுத்தார். "இத்த மட்டும் தொலச்சிராத, நைனா."

பதினோரு தட்டு

புதன்கிழமை காலை சாப்பாட்டு மேஜையைத் துடைத்து, பழைய பேப்பரை விரித்து, பெட்டியைப் பிரித்தேன். பெட்டி என்றால் பெட்டி இல்லை. கோயில் பாட்டுப் புத்தகத் தடிமனில் ஓர் அட்டை உறை. உள்ளே பதினோரு தட்டுகள். எல்லாம் நல்ல பழுப்பு நிறம். சிலவற்றில் சல்லடை மாதிரித் துளைகள். ஒரு பொட்டலத்தில் ஸ்க்ரூ. ஒரு தாளில் வரிசையாகப் படம், எழுத்தே கிடையாது. ஒரு மொட்டைத்தலை ஆள் சிரித்துக்கொண்டே எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டிருந்தான்.

பழுப்பைப் பார்த்ததும் எனக்குத் திருப்தி. தேக்கு என்று முடிவுகட்டினேன். அமலனுடையது கண்ணாடி, உள்ளே இருக்கிற குடல் குந்தாணி எல்லாம் வெளியே தெரியும். நம்முடையது மரம். அடக்கமானது.

படத்தில் இருந்த பெட்டிக்கும் உள்ளே இருப்பதெல்லாம் தெரிந்தது. எது எங்கே போகிறது என்று நமக்குப் புரிவதற்காக அப்படி வரைந்திருக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன்.

ஒவ்வொரு தட்டின் ஓரத்திலும் பல் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். அதை அடுத்த தட்டில் இருக்கிற பள்ளத்தில் செருக வேண்டும். ஒரு பல்கூட உள்ளே போகவில்லை. வெட்டியவன் அளவு தப்பாக வெட்டிவிட்டான் என்று புரிந்தது. அரத்தை எடுத்து வந்து பள்ளங்களைத் தேய்க்க ஆரம்பித்தேன்.

ஜெசி தலைக்கு மேல் நின்று பார்த்தாள். "அந்தப் படத்துல இருக்கற ஆளு அரம் வெச்சிருக்கானா?"

"இல்ல."

"அப்போ நீங்க மட்டும் எதுக்கு?"

"அவனுக்கு இன்னும் பிரச்சினை வரல."

புதன் முழுக்கத் தேய்த்தேன். வியாழன் பாதி நாள் தேய்த்தேன். மூக்கில் பழுப்புத் தூள். வியாழன் சாயங்காலம் பெட்டி நின்றது. நான்கு பக்கமும் இறுக்கமாக, அழகாக நின்றது. மதர்போர்டு வெளியே மேஜை மேல் இருந்தது.

எல்லாவற்றையும் கழற்றி, மதர்போர்டை உள்ளே வைத்து, மறுபடி மாட்டினேன். முடித்தபோது மூன்று ஸ்க்ரூவும், நீளமாக ஒரு தட்டும் மிச்சம்.

"இது எங்க போகணும்?" என்றாள் ஜெசி.

"உதிரி. தொலைஞ்சா இருக்கட்டும்னு கூடக் குடுப்பாங்க."

"ஸ்க்ரூ சரி. செவுத்தையுமா கூடக் குடுப்பாங்க?"

வெள்ளிக்கிழமை மத்தியானம் சுவிட்சைப் போட்டேன். விளக்கு எரிந்தது. விசிறி சுற்றியது. மகள் விட்டுப்போன கேமரா வைத்த மானிட்டரில் படம் வந்தது. நான் ஏற்பாடு செய்யாமலே எல்லாம் நடந்தது. ஜெசி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, எழுதுகிற பலகையை இணைத்து, திரையில் ஒரு அரை போட்டாள். மேலே ஒன்று, நடுவில் கோடு, கீழே இரண்டு. அதையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பக்கத்தில் ஒரு கால் போட்டாள்.

"எழுத்து நல்லா விழுது" என்றாள்.

அந்த இடத்தில் நான் எழுந்து போய்க் கை கழுவியிருக்க வேண்டும்.

ஒரு வார்த்தை

எங்கள் வீட்டில் புதிதாக எது வந்தாலும் மந்திரிக்க வேண்டும். வெளியாட்களுக்கு இந்த வார்த்தை கொஞ்சம் கலவரமாக இருக்கும். வேப்பிலை, உடுக்கை, எலுமிச்சம்பழம் என்று போய்விடுவார்கள். எங்கள் கத்தோலிக்க வீடுகளில் மந்திரிப்பது என்றால் ஒரு செபம், கொஞ்சம் தீர்த்தம், வந்த சாமியாருக்கு ஒரு காபி. அவ்வளவுதான். எங்கள் ஸ்கூட்டர் மந்திரித்தது. ஃப்ரிட்ஜ் மந்திரித்தது. கிணற்று மோட்டார் இரண்டு தடவை மந்திரித்தும் ஓடவில்லை. அது வேறு கதை.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அரை நாள் லீவு கேட்டு ஒரு கடிதம் கொடுத்தேன். காரணம் என்ற இடத்தில் "புது ஸ்கூட்டர் மந்திரிக்க" என்று எழுதியிருந்தேன். என் அதிகாரி கோபாலபுரத்துக்காரர், மிகவும் அமைதியானவர். கடிதத்தை இரண்டு தடவை படித்தார். எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து, தாழ்ந்த குரலில், "யாராவது ஏதாவது வெச்சுட்டாளா?" என்று கேட்டார். நான் விளக்கம் சொல்வதற்குள் கையெழுத்துப் போட்டுவிட்டார். அதற்குப் பிறகு அவர் இருந்தவரை என் லீவுக் கடிதம் எதையும் படிக்கவே இல்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மந்திரிப்புப் பேச்சை எடுத்தேன்.

"கிளாஸ் முடியட்டும். அப்புறம் நிதானமா மந்திரிச்சுக்கலாம்" என்றாள் ஜெசி.

"மந்திரிக்காத கம்ப்யூட்டர்ல மொத கிளாஸா?"

ஜெசி பூசை தவறாதவள். இந்தக் கேள்விக்கு அவளிடம் பதில் இருக்காது என்று எனக்குத் தெரியும். அதனால்தான் கேட்டேன். என் பக்தி அன்றைக்கு அவ்வளவு சுத்தமானதில்லை. ஃபாதர் வந்து பார்த்தால், பார்த்ததை நாலு வீட்டில் சொல்வார். நாலு வீட்டில் ஒரு வீடு கொட்டிவாக்கத்துக்குப் போன் போடும்.

தானே வரவழைத்துக்கொண்டது

சனிக்கிழமை காலைப் பூசை முடிந்து ஃபாதர் வந்தார். மேஜை மேல் ஓடிக்கொண்டிருந்த பெட்டியைப் பார்த்து, "இதை ஆஃப் பண்ணிடலாமா அங்கிள்?" என்று கேட்கவும் செய்தார்.

"ஓடட்டும் ஃபாதர். ஓடினாத்தான் அழகு."

மிச்சத்தை மேலேயே சொல்லிவிட்டேன். "டிக்" கேட்ட அந்த நொடியில் எனக்கு ஞாபகம் வந்தது ஒரு பழைய கோப்பு. முப்பது வருடம் நான் வேலை பார்த்தது நஷ்டஈட்டுப் பிரிவில். பூஜைக்குப் பளிச்சென்று இருக்கட்டும் என்று புது டிவியை ஈரத்துணியால் துடைத்து, பின்பக்கத் துளைகளுக்குள்ளும் தண்ணீர் விட்டுக் கழுவிய ஒரு மாம்பலத்துக்காரரின் கோப்பு. அதன் மேல் நான் என் கையால் எழுதினேன்: "தானே வரவழைத்துக்கொண்ட சேதம். நிராகரிக்கலாம்." எழுதிவிட்டுச் சிரித்தேன்கூட.

"நான் ஜாஸ்தியா தெளிச்சுட்டேனா?" என்றார் ஃபாதர். முகம் வாடிவிட்டது. காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். "நான் செபிச்சுக்கறேன் ஆன்ட்டி."

"எதுக்கு ஃபாதர்? கம்ப்யூட்டருக்கா, இவருக்கா?" என்றாள் ஜெசி.

ஃபாதர் கொஞ்சம் யோசித்து, "ரெண்டுக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மணி எட்டு. கடைகள் திறக்கப் பத்தரை ஆகும். நான் சும்மா நிற்கவில்லை. போன் தண்ணீரில் விழுந்தால் அரிசியில் போட வேண்டும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். பிளக்கைப் பிடுங்கி, பெட்டியை அப்படியே தூக்கிக்கொண்டு போய் அரிசி டிரம்மில் இறக்கி, மேலேயும் நாலு படி போட்டேன்.

ஜெசி சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"அது பொன்னி அரிசி" என்றாள்.

அவள் கத்தியிருந்தால் எனக்கு எளிது. கத்தல்களுக்கு என்னிடம் முப்பத்தாறு வருடப் பதில்கள் இருக்கின்றன. அவள் மேஜையில் அடுக்கி வைத்திருந்த பாடக் குறிப்புகளை எடுத்து, தட்டிச் சரிசெய்து, உறைக்குள் போட ஆரம்பித்தாள். ஒவ்வொரு தாளாக. கண்ணாடிக்கு முன்னால் நடத்திய அந்தப் பின்னம்தான் முதல் தாள்.

"அமலனைக் கூப்பிடறேன்" என்றேன். என் வாயிலிருந்துதான் வந்தது.

திருச்சியிலிருந்து

அமலன் குடும்பத்தோடு திருச்சிக் கல்யாணத்தில் இருந்தார். வீடியோ அழைப்பை எடுத்தபோது அவர் டிபன் பந்தியில், பொங்கலுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"இன்னா சகலை, காலங்காத்தால?"

"ஒண்ணுமில்ல. சும்மாத்தான். கல்யாணம் எல்லாம் எப்படி..."

ஜெசி போனை வாங்கினாள். "தம்பி, ஓடற கம்ப்யூட்டர் மேல தீர்த்தம் தெளிக்க வெச்சுட்டாரு. பதினோரு மணிக்கு எனக்கு கிளாஸ்."

அமலன் இலையிலிருந்து கையை எடுத்தார். "காட்டுங்க அண்ணி."

பெட்டியை டிரம்மிலிருந்து எடுத்து, மேலே இருந்த அரிசியை ஊதிவிட்டு, போன் முன்னால் பிடித்தேன். அதற்குள் அமலன் தலைக்குப் பின்னால் மூன்று முகம் சேர்ந்துவிட்டது.

"சகலை, இது இன்னாது, அட்டைப் பெட்டியிலயா மாட்டியிருக்கீங்க?"

"தேக்கு."

அமலன் போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். பின்னால் நாதஸ்வரம் மட்டும் கேட்டது.

"நகத்தால ஓரத்துல ஒரு சுரண்டு சுரண்டுங்க."

சுரண்டினேன். தேக்கு எழும்பி வந்தது. பிடித்து இழுத்தேன். சர்ரென்று ஒரு சாண் பழுப்புத் தாள் உரிந்தது. அதற்கு அடியில் கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் தட்டு. உள்ளே இருக்கிற குடல் குந்தாணி எல்லாம் பளிச்சென்று தெரிந்தது.

போனில் இப்போது ஏழு முகம். அதில் ஜெசியின் அத்தை ஒருவர், "என்னடி ஜெசி, புது ஃப்ரிட்ஜு மேல ஒட்டின ஸ்டிக்கரையே இன்னும் உரிக்காத மனுஷனாச்சே! இதை மட்டும் உரிப்பாரா?" என்றார்.

அது உண்மை. எங்கள் வீட்டு ரிமோட் பிளாஸ்டிக் உறைக்குள்தான் இருக்கிறது. சோபாவில் உட்கார்ந்தால் இன்னும் சரக் சரக் என்று சத்தம் வரும். கடைக்காரன் ஒட்டிக் கொடுத்ததைப் பிய்த்துவிட்டால் சாமான் பழசாகிவிடும் என்று நினைக்கிற சாதி நான். ஆனால் அவற்றையெல்லாம் உறை என்று தெரிந்தே வைத்திருந்தேன். தேக்கு என்று நினைத்தது இது ஒன்றைத்தான்.

"சிரிக்காதீங்க, அத்தே" என்றார் அமலன். அவர் ஒருவர்தான் சிரிக்கவில்லை. அதற்காக அவரை நான் மன்னிக்க இன்னும் முயற்சி செய்துகொண்டிருக்கிறேன். "சகலை, அந்தப் பேப்பர்தான் உங்களைக் காப்பாத்தியிருக்கு. தண்ணியை எல்லாம் அதுவே குடிச்சிருச்சு. விசிறி வழியா போனது ரெண்டு சொட்டுதான் இருக்கும். எல்லாத்தையும் கழட்டுங்க, பேப்பரை உரிச்சுப் போடுங்க, மதர்போர்டை ஃபேனுக்கு அடியில நல்லா காய வைங்க. பத்தரைக்கு முன்னாடி சுவிட்சைத் தொடாதீங்க. அரிசியில கிரிசியில போடலையே?"

ஜெசி என்னைப் பார்த்தாள்.

"சே சே" என்றேன், விசிறி இறக்கையிலிருந்து ஒரு பொன்னியைக் கிள்ளி எடுத்தபடி.

இருபத்திரண்டு பக்கம்

பதினோரு தட்டு. தட்டுக்கு இரண்டு பக்கம். ஒரு பக்கம் நான் உரித்தால் அவள் நாலு பக்கம் உரித்தாள். எனக்குத் துண்டு துண்டாக வந்தது. அவளுக்கு ஒரே இழுப்பில் முழுத் தாள் வந்தது. கணக்கு நோட்டு அட்டை போட்டுப் போட்டுப் பழகிய கை.

"ஜெசி."

"பேசாம உரிங்க."

உரித்தோம். விசிறிக்கு அடியில் மதர்போர்டு காய்ந்தது. பத்து மணிக்குப் பெட்டியைத் திரும்ப மாட்ட உட்கார்ந்தேன்.

அப்போதுதான் அந்த மொட்டைத்தலை ஆள் ஏன் அரம் வைத்திருக்கவில்லை என்று புரிந்தது. பள்ளங்களின் அளவு ஆரம்பத்திலேயே சரியாகத்தான் இருந்திருக்கிறது. தாளோடு சேர்ந்த தடிமனுக்காக நான் ஒன்றரை நாள் தேய்த்துப் பெரிதாக்கியிருந்தேன். இப்போது தாள் இல்லை. ஒவ்வொரு பல்லும் அதன் பள்ளத்தில் லொட லொட என்று ஆடியது. நாலு பக்கமும் நிறுத்திவிட்டுக் கையை எடுத்தேன். சீட்டுக்கட்டு வீடு மாதிரி சப்பென்று படுத்துவிட்டது.

டேப் ஒட்டினேன். தேய்த்த தூளில் ஒட்டவில்லை. ரப்பர் பேண்ட் போட்டேன். இழுத்த வேகத்தில் ஒவ்வொன்றாக அறுந்தது. ஒன்று என் மூக்கில் பட்டது.

பத்தரைக்கு, இரண்டு கையாலும் பெட்டியை அணைத்துப் பிடித்துக்கொண்டு, கட்டை விரலால் சுவிட்சைப் போட்டேன். விளக்கு எரிந்தது. விசிறி சுற்றியது. திரையில் படம் வந்தது.

கையை எடுத்தேன். ஒரு பக்கம் சரிந்தது. உள்ளே ஒரு வயர் விலகி, திரை அணைந்தது.

மறுபடி பிடித்தேன். வந்தது.

ஜெசி அதை நின்று பார்த்தாள். அலமாரிக்குப் போய்ப் புடவையை மாற்றிக்கொண்டு, தலையை வாரிக்கொண்டு வந்தாள். உறையிலிருந்து குறிப்புகளை எடுத்து மேஜையில் அடுக்கினாள். கேமராவில் நான் தெரியக் கூடாது என்பதால் பெட்டியை மேஜைக்கு அடியில் ஒரு மணையின் மேல் வைக்கச் சொன்னாள்.

"பிடிச்சுக்கோங்க" என்றாள். அவ்வளவுதான்.

மேஜைக்கு அடியில்

அப்படியாக, ஒரு சனிக்கிழமை பதினோரு மணிக்கு, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, சம்மணம் போட்டு, தலை மேஜைப் பலகையில் இடிக்காமல் குனிந்து, ஒரு கம்ப்யூட்டரை இரண்டு கையாலும் குழந்தையைப் பிடிப்பது மாதிரி பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் ஜெசியின் செருப்பு மட்டும். அதன் வார் லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது. அவள் பயந்து நான் பார்த்ததில்லை. பயந்தால் கால்தான் சொல்லும் என்பதும் தெரியாது.

மேலே குரல்கள் வந்தன. "குட் மார்னிங் மிஸ்" என்று ஐந்தாறு பிள்ளைகள். நிறுவனத்திலிருந்து வகுப்பை மதிப்பிட வந்த ஒரு மேடம்.

"அரை தோசை இருக்கு" என்று ஆரம்பித்தாள் ஜெசி. "ஆளுக்குக் கால் தோசை. எத்தனை பேருக்குக் குடுக்கலாம்?"

செருப்பு வாரின் நடுக்கம் நின்றுவிட்டது.

"மிஸ், அதாவது அரையைக் காலால வகுக்கணுமா?" ஒரு பெண் பிள்ளை.

"ஆமா."

"வகுத்தா விடை சின்னதாத்தானே மிஸ் வரணும்?"

"யார் சொன்னா?"

"எங்க ஸ்கூல்ல."

"அவங்க முழு தோசையை வெச்சுச் சொல்லியிருப்பாங்க, கண்ணு. வகுக்கறதுன்னா வெட்டறது இல்ல. இதுக்குள்ள அது எத்தனை தடவ இருக்குன்னு கேக்கறது. அரைக்குள்ள கால் எத்தனை தடவ இருக்கு?"

நான் பள்ளியில் இதைப் படித்திருக்கிறேன். தலைகீழாகப் போட்டுப் பெருக்கு என்று சொல்லிக் கொடுத்தார்கள். ஏன் என்று கேட்டபோது பெஞ்சு மேல் ஏற்றினார்கள். அதற்குப் பிறகு தலைகீழாகப் போட்டுப் பெருக்கியே ஓர் ஆயுளை ஓட்டிவிட்டேன். அன்றைக்கு அந்த மேஜைக்கு அடியில், மூட்டு வலியோடு, எனக்கு முன்னால் ஓர் அரை தோசை இரண்டாக மடங்கியது.

"ரெண்டு!" என்றேன்.

சத்தமாகத்தான் சொல்லியிருக்கிறேன்.

"மேம், யாரோ ஜென்ட்ஸ் குரல் கேட்டுச்சே?" என்றார் மதிப்பிட வந்த மேடம்.

"புது அட்மிஷன்" என்றாள் ஜெசி, குரலில் ஒரு சுருக்கமும் இல்லாமல். "கொஞ்சம் லேட்டா சேர்ந்திருக்கார். விடை சரிதான். அடுத்தது பார்க்கலாமா? முக்காலுக்குள்ள அரைக்கால் எத்தனை தடவ?"

நான் விரல் விட்டு எண்ண முடியாது. பத்து விரலும் வேலையில் இருந்தன. மனசுக்குள் எண்ணிக்கொண்டிருக்கும்போதே அந்தப் பெண் பிள்ளை "ஆறு!" என்று கத்திவிட்டாள். எனக்குக் கொஞ்சம் வருத்தம்.

நாற்பது நிமிடம். இடது கை மரத்துப்போனது. வலது கை மரத்துப்போனது. ஒரு கட்டத்தில் எறும்பு ஒன்று என் முழங்கால் மேல் ஏறி, நான் ஒன்றும் செய்யப்போவதில்லை என்று தெரிந்துகொண்டு, ஆற அமரக் கடித்துவிட்டுப் போனது. நான் அசையவில்லை. அசைந்தால் அங்கே மேலே ஒரு கோடு பாதியில் நின்றுவிடும்.

ஜெசி ஒரு பிள்ளையையும் விடவில்லை. தப்பாகச் சொன்ன பையனிடம், "உன் வழி எனக்குப் புடிச்சிருக்கு, எங்க வழுக்கிச்சுன்னு ரெண்டு பேரும் தேடலாம்" என்றாள். அந்தக் குரல் எங்கள் வீட்டில் நான் கேட்காதது. தினமும் காலை எட்டரைக்கு அவள் பையை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது எங்கே போகிறாள் என்று எனக்குத் தெரியும். என்ன செய்யப் போகிறாள் என்று தெரியாமலே முப்பத்தொரு வருடம் டாட்டா காட்டியிருக்கிறேன்.

முடிந்தது. பிள்ளைகள் ஒவ்வொருவராகப் போனார்கள். அந்தப் பெண் பிள்ளை மட்டும் போகாமல், "மிஸ், நாளைக்கும் நீங்கதானே?" என்று கேட்டது. செருப்பு வார் மறுபடி நடுங்க ஆரம்பித்தது.

"திங்கக்கிழமையிலேர்ந்து, பாப்பா" என்றார் மேடம், ஜெசிக்குப் பதிலாக. "மேம், உங்களுக்கு வாரம் மூணு நாள் பேட்ச் போட்டுடறோம். சாயங்காலம் நாலு மணி. ஓகேதானே?"

"ஓகே மேடம்."

மவுஸ் சொடுக்குகிற சத்தம் கேட்டது. நாற்காலி பின்னால் நகர்ந்தது. ஜெசி குனிந்து மேஜைக்கு அடியில் பார்த்தாள். நான் பெட்டியை இன்னும் விடவில்லை. விடலாம் என்று யாரும் சொல்லவில்லை.

எனக்கு ஜோக் ஒன்றும் வரவில்லை.

"ஜெசி, இத்தனை வருஷத்துல நீ பாடம் நடத்தி நான் முழுசாக் கேட்டதே இல்ல" என்றேன்.

"திங்கக்கிழமை நாலு மணிக்கு, இதே எடத்துல கேளுங்க."